புதுப்பிப்பு: முதல் டர்ன்டேபிள் (இசைத்தட்டு சுழற்றும் கருவி) வாங்கிவிட்டேன்

ஃபோனோ உள்ளீடு (டர்ன்டேபிளை நேரடியாக இணைக்கும் இடம்) இல்லாத என் ஆம்ப்ளிஃபையருக்கு எந்த டர்ன்டேபிள் பொருந்தும் என்று முன்பு கேட்டிருந்தேன். ரேகா பிளானர் 1, ஆடியோ-டெக்னிகா எல்பி120எக்ஸ் ஆகிய இரண்டுக்கும் இடையே வெகுநாள் தயங்கியபின், ஃபோனோ ப்ரீஆம்ப் உள்ளேயே அமைந்திருப்பதால் இரண்டாவதை வாங்கினேன். கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருத்திய பகுதி) தரும் சில மில்லிவோல்ட் சிக்னலைப் பெருக்குவதோடு, ரெக்கார்டில் பதிக்கும்போது குறைக்கப்பட்ட பேஸ் ஒலியை மீட்டுத் தருவதும் ப்ரீஆம்பின் வேலை என்பதால், அது இல்லாமல் முடியாது.

ஊசியைத் தாங்கும் கையான டோன்ஆர்மைச் சரிசெய்யத்தான் ஒரு மாலை முழுவதும் பிடித்தது. அதன் பின்முனையில் உள்ள எதிர் எடையை மெல்லத் திருகி, ஆர்ம் தராசுக்கோல் போல அந்தரத்தில் நிற்கும் இடத்தைக் கண்டு, அளவு வளையத்தைச் சுழியத்தில் வைத்து, பிறகு ஊசி ரெக்கார்டை அழுத்தும் எடை 2 கிராம் ஆகும் வரை இரண்டையும் சேர்த்துத் திருப்பினேன். ஆர்ம் உள்நோக்கி இழுபடுவதை ஈடுசெய்யும் ஆன்டி-ஸ்கேட்டிங்கையும் 2-இல் வைத்தேன். அவசரத்தில் எடையைக் குறைவாக வைத்திருந்தபோது சிதறிய 'ச' ஒலிகள் இப்போது சுத்தமாகக் கேட்கின்றன. பாடகர் மூச்சிழுப்பதுகூடத் தெரிகிறது.