மெட்டாஸ்டாசிஸ்: தமிழில் என்ன சொல்லலாம்? வெள்ளிக்குள் வேண்டும்

சேலம், அஸ்தம்பட்டியிலிருந்து:
வணக்கம். ஏற்காடு மலைக் கிராமங்களில் வேலை செய்யும் சுகாதாரச் செவிலியர்களுக்கு ஒரு கையேடு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. புற்று தோன்றிய இடத்திலிருந்து வேறோர் உறுப்புக்குப் போய் அங்கேயும் வளர்வதை 'மெட்டாஸ்டாசிஸ்' என்கிறார்கள்; அந்தச் சொல் வரும் இடத்தில் நிற்கிறேன். 'பரவல்' என்று போட்டால், கட்டி பக்கத்துத் திசுவுக்குள் ஊடுருவுவதும் பரவல், ரத்தத்தில் போய் நுரையீரலில் இன்னொரு கட்டியாவதும் பரவல் என்று இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், 'பரவும் புற்று' என்றதும் தொற்றுநோய் என்று நினைத்துவிடுகிறார்கள். நோயாளி குடித்த டம்ளரைத் தனியாக வைக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பயத்துக்கு நம் சொல்லே துணை போகக் கூடாது.

ஆத்தூரிலிருந்து:
'புலம்பெயர் புற்று' எனலாமே அம்மா. பட்டினப்பாலையில் 'புலம்பெயர் மாக்கள்' உண்டு. வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும். மெட்டாஸ்டாசிஸ் என்ற கிரேக்கச் சொல்லும் இடம் மாறுவதைத்தான் சொல்கிறது. 1829இல் பிரெஞ்சு மருத்துவர் ரெக்கமியே அதைப் புற்றுக்குக் கையாண்டார்.

ஓமலூரிலிருந்து:
எனக்கு உடன்பாடில்லை ஐயா. பெயர்ந்தால் பழைய இடம் காலியாக வேண்டும். இங்கே முதல் கட்டி இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதில் சில செல்கள் பக்கத்துச் செல்லோடு இருந்த பிடியை விட்டு, திசுவுக்கு அடியில் வேலிபோல இருக்கும் அடிச்சவ்வைக் கரைத்து, ரத்தக் குழாய்க்குள் நுழைகின்றன. பெரும்பாலானவை வழியிலேயே செத்துப்போகும். தப்பியவற்றில் வெகு சிலதான் வேறோர் உறுப்பில் இறங்கிக் கட்டியாக வளரும். அப்புறம், புலம்பெயர்ந்தோர் என்றால் இன்று ஈழத்து உறவுகள் நினைவுக்கு வருகிறார்கள். அந்தப் பெயரை ஒரு நோய்க்கு வைக்க மனம் ஒப்பவில்லை. முதலில் தோன்றியதைத் தாய்ப்புற்று என்போம், மற்றது கிளைப்புற்று.

ஆத்தூரிலிருந்து:
கிளை மரத்தோடு ஒட்டியிருப்பது. மார்பகப் புற்றிலிருந்து போய் நுரையீரலில் வந்த கட்டி மார்பகத்தோடா ஒட்டியிருக்கிறது? முதலில் 'புற்று' என்ற சொல்லையே பார்க்க வேண்டும். புழை, புரை, புற்று எல்லாம் துளைத்தல் பொருளுள்ள ஒரே வேரில் பிறந்தவை என்பது என் நெடுநாள் எண்ணம். இந்த நோயில் கிரேக்கர் நண்டைக் கண்டு அதன் பெயரை வைத்தார்கள், நாம் கறையான் புற்றைக் கண்டோம். புண் புரையோடிவிட்டது என்கிறோம் அல்லவா? ஊடுருவலுக்குப் 'புரையோடல்' என்றே வைக்கலாம்.

ஏற்காட்டிலிருந்து:
மருத்துவராகச் சொல்கிறேன். வேர்ச்சொல் இருக்கட்டும் ஐயா. செவிலியர் புரிந்துகொள்ள வேண்டியது இது: குடல் புற்று கல்லீரலுக்குப் போனால் அது கல்லீரல் புற்று ஆகாது. நுண்ணோக்கியில் குடல் புற்றின் சாயலே தெரியும், மருந்தும் குடல் புற்றுக்கானதுதான். கேளும் கிளையும் என்கிறோமே, கிளை என்றால் உறவும்தான். வினைச்சொல்லும் கிடைக்கிறது: 'குடல் புற்று கல்லீரலில் கிளைத்திருக்கிறது.'

எங்கே கிளைக்கும் என்பதையும் எழுதுங்கள் அம்மா. குடலின் ரத்தம் போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குப் போவதால் அங்கே அடிக்கடி வருகிறது. ஆனால் ரத்த ஓட்டம் மட்டும் காரணமல்ல. ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜெட் 1889இல், மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிணக்கூறாய்வுக் குறிப்புகளைப் பார்த்தார். கல்லீரலில் நிறைய இருந்தது, மண்ணீரலில் அரிது. புற்றுச் செல் என்ற விதைக்கு ஏற்ற நிலமாக அந்த உறுப்பு இருக்க வேண்டும் என்றார். எங்கள் மலையில் காய்க்கிற காப்பியை அடிவாரத்தில் நட்டால் அப்படிக் காய்க்காது என்று சொன்னால் இங்குள்ளவர்களுக்கு உடனே விளங்கும்.

எடப்பாடியிலிருந்து:
நோயாளி கையில் வாங்கும் அறிக்கையில் 'மெட்டாஸ்டாசிஸ்' என்றுதானே இருக்கிறது? புதுச்சொல் மட்டும் தெரிந்த செவிலியர் அதைப் பார்த்துத் திகைக்க மாட்டாரா? அதையே தமிழெழுத்தில் எழுதி, நாலு வரியில் விளக்கிவிடுங்கள்.

அஸ்தம்பட்டியிலிருந்து:
நேரமில்லை, அதனால் நால்வர் பக்கம் சாய்கிறேன். ஓமலூர்க்காரர், ஏற்காட்டு மருத்துவர் இருவரோடு, தனிமடலில் எழுதிய இருவரும் கிளைப்புற்றையே ஆதரிக்கிறார்கள். முதல் முறை வரும்போது பக்கத்தில் 'மெட்டாஸ்டாசிஸ்' என்றும் போடுகிறேன், எடப்பாடிக்காரர் சொல்வது நியாயம். 'புரையோடல்' வேண்டாம், சீழ் என்று நினைப்பார்கள். 'ஊடுருவல்' போதும்.

ஆத்தூரிலிருந்து:
சரி, அச்சேறட்டும். என் மறுப்பு மாறவில்லை. தாயை வெட்டினால் கிளையும் பட்டுப்போகும் என்று படிப்பவர் நம்புவார். தாய்ப்புற்றை முழுதாக அகற்றிய பிறகும், முன்பே போய்ப் பதுங்கிய செல்கள் பல ஆண்டு கழித்து வளரக்கூடும். இந்த ஒரு வரியைக் கட்டாயம் சேர்த்துவிடுங்கள் அம்மா.