பெரிய நாய்க்கு மலிவான, நல்ல டோக் ஃபுட் எது? விடியக்கு முதல் சொல்லுங்கோ

உவர்மலை_டைகர் · வெள்ளி இரவு 8.52

வணக்கம். அவசரம். மச்சான் நாளைக்கு விடிய 4 மணிக்கு வான் வண்டியில கொழும்புக்குப் போறான். இஞ்ச திருகோணமலையில விக்கிற விலைக்கு எனக்குக் கட்டாது, அதால அங்கயிருந்து மூடையாக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறன். பெரிய நாய், அல்சேஷன். சாப்பாடும் நல்லதா இருக்கோணும், கையையும் கடிக்கக் கூடாது. எது வாங்கலாம்? இப்ப குடுக்கிறது ஒத்து வரேல்லைப் போல, ரெண்டு கிழமையா வயித்தால போகுது. கெதியா சொல்லுங்கோ.

நிலாவெளிக்_காத்து · 8.58

வயசு என்ன? எத்தினை கிலோ? இப்ப என்ன குடுக்கிறீங்கள்? மாசம் எவ்வளவு செலவழிக்க ஏலும்? ஒண்டும் சொல்லாமக் கேட்டா நாங்கள் சாத்திரமோ பாக்கிறது?

கடலூரான் · 9.03

தம்பி, டோக் ஃபுட்டே வேண்டாம். திருக்கடலூர்க் கரையில விடியக் காலமை வந்து நில். வலை ஏறின கையோட சூடையோ சாளையோ மலிவா எடுக்கலாம். குத்தரிசிச் சோத்தோட அவிச்சுப் போடு. எங்கட அப்பு காலத்தில இருந்து வீட்டில நாய் நிக்குது, ஒண்டும் மூடைச் சாப்பாட்டைக் கண்டதில்லை. வள்ளம் வெளிக்கிட்டா பின்னாலயே நீந்தி வருங்கள்.

கணக்கப்பிள்ளை · 9.14

முதல்ல ஒரு திருத்தம். அல்சேஷன் எண்டு தனி இனம் கிடையாது. முதலாம் உலகப் போரோட ஜேர்மன் எண்ட சொல்லே பிரித்தானியாவில கசந்துபோய், அப்ப வைச்ச பேர் அது. 1977ல நாய் இனங்களைப் பதியிற அங்கத்தைய கென்னல் கிளப்பே ஜேர்மன் ஷெப்பேர்ட் எண்டு திருப்பி மாத்திட்டுது. நாங்கள்தான் இன்னும் விடாமப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறம்.

ரெண்டாவது, இதே கேள்விக்கு நான் போன மாசமும் விளக்கமா எழுதினனான். தேடிப் பாக்கிற பழக்கம் இஞ்ச ஒருத்தருக்கும் இல்லை. சரி, கடைசித் தரமா எழுதுறன்.

மூடை விலையைப் பாத்து வாங்கிறவன் ஏமாறுவான். நாள் செலவைப் பாக்கோணும். நாயின்ர எடையை 0.75 அடுக்குக்கு உயர்த்தி 70ஆல பெருக்கு. 35 கிலோ நாய்க்கு ஏறத்தாழ 1,000 கிலோகலோரி வரும். அது சும்மா படுத்துக் கிடக்கிறதுக்கு மட்டும். குட்டி வராம ஒப்பரேஷன் செய்த வளந்த நாயெண்டா அதை 1.6ஆல பெருக்கு, 1,600.

இப்ப ரெண்டு மூடை எண்டு வை. முதலாவது கிலோ 1,000 ரூபா. புரதம் 24, கொழுப்பு 10, நார் 5, ஈரம் 10, சாம்பல் 8. நூறில மிச்சம் 43, அது மாச்சத்து. புரதத்துக்கும் மாச்சத்துக்கும் கிராமுக்கு 3.5, கொழுப்புக்கு 8.5 எண்டு போட்டா கிலோவுக்கு 3,200 கிலோகலோரி வரும். மற்றது கிலோ 1,150 ரூபா. புரதம் 28, கொழுப்பு 18, நார் 3, ஈரம் 10, சாம்பல் 7, மிச்சம் 34. அது 3,700. முதலாவதில நாளைக்கு 500 கிராம், 500 ரூபா. ரெண்டாவதில 432 கிராம், 497 ரூபா. விலை கூட எண்டு நீ வைச்சிட்டு வந்த மூடைதான் உண்மையில மலிவு.

கடலூரான் · 9.17

3 ரூபா மிச்சம் பிடிக்க இவ்வளவு கணக்கோ ஐயா?

கணக்கப்பிள்ளை · 9.19

தின்னுறதும் குறைவு, முத்தத்தில அள்ளுறதும் குறைவு. விளங்கிறவைக்கு விளங்கும்.

கொழும்பில_இருந்து_வந்தவன் · 9.26

ப்ரோ, கிரெய்ன் ஃப்ரீ மட்டும் எடுங்க. கோதுமை, சோளம் போட்டதெல்லாம் குப்பை. நாய் ஓநாயில இருந்து வந்தது, சோளமா தின்னும்? வயித்தால போறதுக்குக் காரணமே அதுதான்.

வாணி_தம்பலகாமம் · 9.33

அப்பிடியில்லைத் தம்பி. நான் ஒரு மிருக வைத்தியரிட்ட ஏழு வருசம் உதவிக்கு நிண்டனான். நாய் மனிசரோட கிடந்து சோறு திண்டு பழகின சாதி, மாச்சத்தைச் செமிக்கும். தானியம் ஒத்துக்கொள்ளாத நாயள் வலு குறைவு. தானியத்துக்குப் பதிலாப் பயறும் பட்டாணியும் கனக்கப் போட்ட சாப்பாடுகளுக்கும் ஒரு இருதய நோய்க்கும் தொடர்பு இருக்கோ எண்டு அமெரிக்காவில உணவையும் மருந்தையும் கண்காணிக்கிற எஃப்.டி.ஏ. 2018ல விசாரணை தொடங்கினது. முடிஞ்ச முடிவெண்டு அவை இன்னும் சொல்லேல்லை. ஆனா கூடக் காசு குடுத்து அதைத் தேடிப் போறதுக்கு ஒரு நியாயமும் இல்லை.

டைகர் தம்பி, வயசைச் சொல்லுங்கோ. வாந்தி இருக்கோ? ரத்தம் போகுதோ? பூச்சி மருந்து எப்ப குடுத்தது?

உவர்மலை_டைகர் · 9.41

ரத்தம் வாந்தி ஒண்டுமில்லை அக்கா, துள்ளிக்கொண்டுதான் திரியிறான். பூச்சி மருந்து வாங்கேக்க குடுத்தது. இப்ப குடுக்கிற சாப்பாட்டின்ர பேர் தெரியாது. கடையில கிலோக் கணக்கில கட்டித் தாறவை. மஞ்சளும் சிவப்புமா இருக்கும். கணக்கப்பிள்ளை அண்ணை, அடுக்கு எல்லாம் இப்ப ஏலாது, ஒரு பேரைச் சொல்லுங்கோ.

கணக்கப்பிள்ளை · 9.44

மஞ்சளும் சிவப்புமா. அருமை. நாய்க்கு நிறம் வடிவாத் தெரியாது. அந்தச் சாயம் உனக்காகப் போட்டது.

கடைக்கார_நானா · 9.52

நான் கிண்ணியாவுல கோழித் தீன், மாட்டுத் தீன் விக்கிற கடை வெச்சிருக்கேன். தம்பி, கட்டி விக்கிற சாமான்ல என்ன பிழைன்டு சொல்றேன். மூடைய வெட்டித் திறந்தா அதுல பூசியிருக்கிற கொழுப்புல காத்துப் படும். கொஞ்ச நாள்ல சிக்கு மணம் அடிக்கும். நம்ம ஊரு கடல் காத்துக்கும் மாரி ஈரத்துக்கும் இன்னும் கெதியாப் பழுதாகும். பழைய மூடைல மிஞ்சினத புது மூடைல கொட்டிக் கலக்குற கடையும் இருக்கு. ஒங்க பொட்டலத்துல திகதியும் இல்ல, பேரும் இல்ல, யார்ட்ட போய் கேக்குற? சோளத்துல பூஞ்சணம் புடிச்சா ஈரலையே பழுதாக்கும், அத அவிச்சாலும் போகாது. வியாபாரி நானே சொல்றேன், பூட்டின மூடையா வாங்குங்க.

வீட்டுல வாளிக்குள்ள கொட்டாதீங்க. மூடையோட வாளிக்குள்ள வெச்சு மூடி போடுங்க.

கடலூரான் · 9.58

இதுக்குத்தான் சொல்லுறன், மீன். பூட்டும் இல்லை, மூடையும் இல்லை.

நிலாவெளிக்_காத்து · 10.01

என்ர மாமா சீனன்குடா மா ஆலைத் தவிடு வாங்கிச் சோத்தோட கிண்டிப் போடுவார். அது மீனை விட மலிவு. நாயும் கொழுத்துத்தான் நிண்டது.

வாணி_தம்பலகாமம் · 10.06

தவிடு மாட்டுக்கு. அதில இருக்கிற பொஸ்பரசில கனக்க நாயின்ர உடம்பில சேராது, மற்றச் சத்துகளையும் பிடிச்சு வைச்சுக்கொள்ளும். கொழுத்து நிக்கிறதும் சுகமா நிக்கிறதும் ஒண்டில்லை. மீன் நல்லதுதான் அண்ணை, அவிச்சு, முள்ளு எடுத்து, மேலதிகமாப் போடலாம். ஆனா சோறும் மீன் சதையும் மட்டுமெண்டா கல்சியம் காணாது. கருவாடு வேண்டாம், உப்பு. குழம்பில கிடந்த மீனும் வேண்டாம், வெங்காயமும் உள்ளியும் நாய்க்கு நஞ்சு.

மூதூர்_மாமா · 10.09

குறுக்க கேக்கிறன் எண்டு குறை நினைக்காதேங்கோ. டவுண் பக்கம் இந்த அல்சேஷன் வைச்சிருக்கிறவை ஏன் அவிட்டு விடுறவை? போன கிழமை கோட்டையடியில ரெண்டு நாய் ஒரு புள்ளிமானைக் கலைச்சுக்கொண்டு போகுது, பஸ்ஸே நிண்டது. மான் இஞ்சத்தைய அடையாளம் அப்பா.

கொழும்பில_இருந்து_வந்தவன் · 10.12

அங்கிள், மான்தான் குப்பைத் தொட்டியில பொலித்தீன் திண்டு சாகுது. அதுக்கு நாய் என்ன செய்யும்?

மூதூர்_மாமா · 10.14

ரெண்டும் பிழைதான். பொலித்தீன் போடுறவனைப் பேசினா நாய்க்காரன் தப்பேலுமோ?

கடலூரான் · 10.15

கலைக்கிறது கட்டாக்காலியள். வீட்டு நாயைச் சொல்லாதேங்கோ.

மூதூர்_மாமா · 10.17

கழுத்தில பட்டி இருந்தது. நான் கண்ணால கண்டனான். கட்டாக்காலிக்கு யார் பட்டி வாங்கிக் குடுத்தது?

கணக்கப்பிள்ளை · 10.18

தலைப்பு நாய்ச் சாப்பாடு. மானுக்கு வேற இழை திறவுங்கோ.

உவர்மலை_டைகர் · 10.31

மன்னிக்கோணும், கரண்ட் போயிட்டுது. என்ர நாய் கட்டித்தான் நிக்குது மாமா. மானைக் கலைக்கிற வயசும் இல்லை, ஐஞ்சு மாசம்தான். 20 கிலோ. ஒரு காது நிமிர்ந்திட்டுது, மற்றது விழுந்து கிடக்கு. அதுக்காக மருந்துக் கடையில கல்சியம் சிரப் வாங்கிக் காலமையும் பின்னேரமும் குடுக்கிறம். பாலும் ஒரு கப். அதையும் பாத்து ஒரு பேரைச் சொல்லுங்கோ.

நிலாவெளிக்_காத்து · 10.32

ஐஞ்சு மாசமோ!!! 'பெரிய நாய்' எண்டெல்லோ எழுதினீங்கள்!

உவர்மலை_டைகர் · 10.33

பெரிய சாதி நாய்தானே.

வாணி_தம்பலகாமம் · 10.47

தம்பி, நல்ல காலம் சொன்னீங்கள். முதல் வேலை, அந்தச் சிரப்பை நிப்பாட்டுங்கோ. இண்டைக்கே.

வளந்த நாய் வேண்டாத கல்சியத்தைக் குடலிலயே கழிச்சு விட்டிடும். குட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு வடிவா வராது, போடுறதில பெரும்பங்கு உள்ள போயிடும். பெரிய இனக் குட்டிக்கு அது கூடினா எலும்பும் மூட்டும் கோணி வளரும், கால் வளையும், பிறகு நொண்டும். காது நிமிர்றதுக்கும் சிரப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இந்த வயசில பல்லு விழுந்து முளைக்குது, அந்த நேரம் நிமிர்ந்த காதே திரும்ப விழும். பொறுத்தா ஏழு எட்டு மாசத்தில நிமிரும். சிலதுக்கு நிமிராமலும் போகும், அது பிறப்பு. பாலும் வேண்டாம், வயித்தால போறதில பாதிக்குக் காரணம் அதாயும் இருக்கலாம்.

வாங்கிறது பெரிய இனக் குட்டிக்கெண்டு போட்ட மூடை. 'லார்ஜ் பிரீட் பப்பி' எண்டு முன்னால இருக்கும். மிருகத் தீனுக்கு அளவு வகுக்கிற அமெரிக்க ஆஃப்கோ அமைப்பின்ர கணக்குப்படி, வளந்தா 32 கிலோவுக்கு மேல போற குட்டிக்கு ஈரம் கழிச்ச சாப்பாட்டில கல்சியம் 1.2 வீதத்துக்குக் குறையவும் கூடாது, 1.8ஐத் தாண்டவும் கூடாது. புரதம் 22.5க்குக் குறையக் கூடாது. மச்சானுக்கு இந்த எண்களை அனுப்பி விடுங்கோ. பேரை விட எண்தான் முக்கியம். முதல் வரியில 'கோழி இறைச்சி' எண்டு கண்ட உடன மயங்கவும் வேண்டாம். பச்சை இறைச்சியில ஏறத்தாழ 70 வீதம் தண்ணி, அந்தத் தண்ணியோட நிறுத்துத்தான் வரிசையில முன்னுக்குப் போடுறவை. காய்ச்சி உலர்த்தி அரைச்ச கோழித் தூள் ரெண்டாவதா நிண்டாலும் புரதம் அதிலதான் கூட.

கெதியாக் கொழுக்க வைக்காதேங்கோ. விலாவைத் தடவினா எலும்பு கையில படோணும். ஆறு மாசம் மட்டும் மூண்டு வேளை, பிறகு ரெண்டு. பெரிய நெஞ்சுள்ள சாதி, ஒரே தரத்தில நிறையத் திண்டிட்டு ஓடினா வயிறு ஊதி முறுகிற ஆபத்தும் இருக்கு. புதுச் சாப்பாட்டை ஒரு கிழமை, பத்து நாளில பழசோட கொஞ்சம் கொஞ்சமாக் கலந்து மாத்துங்கோ. பழசில மணம் இருந்தா மட்டும் அதை எறிஞ்சிட்டு ரெண்டு நாள் சோறும் அவிச்ச கோழியும். திங்கட்கிழமை மலத்தைக் கொண்டுபோய் மிருக வைத்தியரிட்டக் காட்டிப் பூச்சி பாக்கச் சொல்லுங்கோ. அதுக்கு முதல் வாந்தியோ ரத்தமோ கண்டா அந்த நிமிசமே போகோணும்.

கணக்கப்பிள்ளை · 10.55

வயசு தெரியாட்டி ஆரும் வளந்த நாய்க்குத்தான் கணக்குப் போடுவினம். சூத்திரம் பிழையில்லை, கடைசியாப் பெருக்கிற எண் மட்டும் மாறும். 20 கிலோ, நாலு மாசம் தாண்டின குட்டி எண்டா 2ஆல பெருக்கு, 1,320 அளவில வரும். கிலோவுக்கு 3,500 கிலோகலோரி உள்ள சாப்பாடெண்டா நாளைக்கு 380 கிராம். 20 கிலோ மூடை 52 நாள் இழுக்கும். நானா சொன்ன காத்துக்கு அது நீளம். 10 கிலோப் பை ரெண்டு எடு, ஒண்டைப் பூட்டினபடி வை. கிலோவுக்குக் கொஞ்சம் கூடப் போனாலும் கடைசிப் பங்கை எறியிறதை விட லாபம்.

கடைக்கார_நானா · 10.58

திகதியப் பாத்து வாங்கச் சொல்லுங்க. கழிவு விலைல தாறதெல்லாம் அனேகமா திகதி கிட்டுனது.

உவர்மலை_டைகர் · 11.04

எல்லாத்தையும் படம் எடுத்து மச்சானுக்கு அனுப்பீட்டன். நன்றி.

நிலாவெளிக்_காத்து · சனி இரவு 9.20

என்னாச்சு? எது வாங்கினது? விலை?

வாணி_தம்பலகாமம் · ஞாயிறு காலை 7.45

சிரப் நிப்பாட்டியாச்சோ தம்பி?

மூதூர்_மாமா · ஞாயிறு காலை 10.10

இண்டைக்கும் கோட்டையடியில அதே பட்டி போட்ட நாய். படம் எடுக்க முதல் ஓடீட்டுது.

உவர்மலை_டைகர் · செவ்வாய் இரவு 8.15

மச்சான் பப்பி இல்லையெண்டு வேற ஒண்டு கொண்டுவந்திட்டான். முன்னால நாய்ப் படம் மட்டும்தான் பெரிசாக் கிடக்கு. பின்னால கல்சியம் 1.4, பொஸ்பரஸ் 1.1, புரதம் 26. குடுக்கலாமோ?

வாணி_தம்பலகாமம் · 8.22

எண்கள் பரவாயில்லை. பின்பக்கம் 'ஓல் லைஃப் ஸ்டேஜஸ்' (எல்லா வயசுக்கும்) எண்டோ 'க்ரோத்' (வளர்ற குட்டிக்கு) எண்டோ எங்கயும் இருக்கோ? 'அடல்ட்', அதாவது வளந்த நாய்க்கு எண்டு மட்டும் இருந்தா மாத்துங்கோ.

கணக்கப்பிள்ளை · 8.25

கல்சியத்தைப் பொஸ்பரசால வகுத்தா 1.27. ஒண்டுக்கும் ரெண்டுக்கும் இடையில நிக்கிறதால சரி.

உவர்மலை_டைகர் · வெள்ளி இரவு 9.02

ஓல் லைஃப் எண்டு இருக்கு. பூச்சி இருந்தது, மருந்து குடுத்தாச்சு, இப்ப கட்டியாப் போகுது. காது இன்னும் விழுந்துதான். மிச்சச் சிரப்பை எறிய அம்மா விடுறா இல்லை, காசு குடுத்து வாங்கினதாம், தன்ர முழங்காலுக்குக் குடிக்கிறா.