குடியரசுவாதம்: விளக்கத் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எஸ்டிபிஎம் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) எழுதும் பிள்ளைகளுக்கு ஞாயிறன்று குடியரசுவாதம் பற்றிப் பேச வேண்டும். மன்னர் இல்லையென்றால் குடியரசு என்பதோடு குறிப்புகள் முடிந்துவிடுகின்றன. பழைய ரோமானியச் சிந்தனை இன்னும் ஆழம்: எஜமான் நல்லவனானாலும் அடிமை அடிமைதான்.

அந்தக் காலத் தோட்டத்துத் துரையை, அதாவது மேலாளரை, எடுத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முன்பணம் தருவார், தன்மையாகப் பேசுவார். ஆனால் வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போச்சு. அவர் மனசை நம்பித்தான் பிழைப்பு. யார் அதிகாரமும் சட்டத்துக்குள் நிற்க வேண்டும் என்பதுதானே குடியரசுவாதத்தின் சாரம்?

அப்புறம், இந்தியா 1950-இல் குடியரசானது. நம் மலேசியாவிலோ 9 மாநிலங்களின் ஆட்சியாளர்கள் 5 ஆண்டுக்கு ஒருமுறை தங்களில் ஒருவரை மாமன்னராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டையும் எப்படி ஒப்பிடுவது? எளிய தமிழ்க் கட்டுரை இருந்தால் அனுப்புங்கள். கட்சிச் சண்டை மட்டும் வேண்டாமே!