ஒன்பது அமர்வுகளாகக் கவிழும் ஆம்புலன்ஸ்: காத்திருப்பதா, கை கொடுப்பதா?

கேள்வி | மரக்கட்டை

அனைவருக்கும் வணக்கம். குழந்தைகளுக்கான உளவியல் ஆலோசனையில் ஆறு ஆண்டுகள் இருந்துவிட்டு, விளையாட்டுச் சிகிச்சையில் (குழந்தையின் மனக்காயத்தை விளையாட்டின் வழியே ஆற்றும் முறை) தனிப் பயிற்சி பெற்று, சென்ற ஆண்டிலிருந்துதான் விளையாட்டு அறையில் தனியாக அமர்வுகளை நடத்தி வருகிறேன். குழந்தையை யாரும் அடையாளம் கண்டுகொள்ள முடியாதபடி விவரங்களை மாற்றியே எழுதுகிறேன். மேற்பார்வையாளரைச் சந்திக்க இன்னும் இரண்டு வாரங்கள் இருப்பதால், அதற்குள் உங்கள் அனுபவத்தைக் கேட்டுக்கொள்ளலாம் என்று தோன்றியது.

ஏழு வயதுச் சிறுமி. அவளுடைய தந்தை விபத்தில் சிக்கி, நெடுநாள் மருத்துவமனையில் இருந்து, பிழைத்து வீடு திரும்பிவிட்டார். விபத்து வீட்டுக்கு அருகிலேயே நடந்ததால், அவரை ஆம்புலன்ஸில் ஏற்றுவதை அவள் பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து தனியாகத் தூங்க மறுக்கிறாள். பள்ளியில் அநேகமாகப் பேசுவதில்லை. இதற்காகத்தான் என்னிடம் அழைத்து வந்தார்கள்.

முதல் அமர்விலிருந்தே ஒரே விளையாட்டுதான். மணல் தட்டின் குறுக்கே மரக்கட்டைகளால் ஒரு பாலம் கட்டுவாள். சிறிய ஆம்புலன்ஸுக்குள் ஒரு பொம்மையைத் திணித்து, வாயாலேயே சைரன் ஒலி எழுப்பிக்கொண்டு ஓட்டி வருவாள். பாலத்தின் நடுவில் வண்டி கவிழும். அதன்மேல் மணலை அள்ளிப் போட்டு மூடிவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவாள். 45 நிமிட அமர்வு ஒன்றில் எண்ணிப் பார்த்தேன். 14 முறை கவிழ்ந்தது. தட்டின் மறுமூலையில் ஓர் அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து வைத்திருப்பாள், மருத்துவமனை. வண்டி ஒரு முறைகூட அங்கே போய்ச் சேர்ந்ததில்லை.

எட்டாவது அமர்வில் நான் பொறுமை இழந்து, "வேறோர் ஆம்புலன்ஸை அழைக்கலாமா?" என்று கேட்டுவிட்டேன். அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். வண்டியைக் கீழே வைத்தாள். தூரிகையை எடுத்து, அமர்வு முடியும்வரை ஒரு தாள் முழுவதையும் நீல நிறத்தால் நிரப்பிக்கொண்டிருந்தாள். ஒன்பதாவது அமர்வில் பாலமும் ஆம்புலன்ஸும் திரும்பி வந்தன. ஆனால் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் அமர்ந்தாள்.

இது ஆறுவதற்கான விளையாட்டா, அல்லது சேற்றில் சிக்கிய சக்கரம்போல் அதே இடத்தில் சுழல்கிறதா? எதைக் கொண்டு பிரித்தறிவது? அவளுடைய தாய் வேறு ஒவ்வொரு வாரமும் கதவருகே நிறுத்தி, "இன்று என்ன விளையாடினாள்?" என்று கேட்கிறார். சென்ற வாரம், "அரைத்த மாவையே அரைத்துக்கொண்டிருக்கிறாளே, நீங்கள் எதுவும் சொல்லித்தர மாட்டீர்களா?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

பதில் 1 | பழைய பொம்மைப்பெட்டி

முதுகைக் காட்டி அமர்ந்ததை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் உங்களை வருத்துவது அதுதான் என்று எழுத்திலேயே தெரிகிறது. அவள் அறைக்கு வர மறுக்கவில்லை, விளையாட்டையும் விடவில்லை. உங்கள் கண்ணிலிருந்து அதைச் சற்று மறைத்துக்கொண்டாள், அவ்வளவே. அடுத்த அமர்வில், நீண்ட மன்னிப்பெல்லாம் வேண்டாம், "அன்றைக்கு நான் அவசரப்பட்டுவிட்டேன். ஆம்புலன்ஸ் என்ன செய்ய வேண்டும் என்று உனக்குத்தான் தெரியும்" என்ற அளவில் ஒரு முறை சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள்.

உதவி நாடி வருபவரையே மையமாக வைக்கும், உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸின் அணுகுமுறையைக் குழந்தைகளுக்குப் பொருத்திய வர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1947-இல் எட்டு அடிப்படைகளை வகுத்தார். குழந்தை வழிநடத்தும், சிகிச்சையாளர் பின்தொடர்வார் என்பது அவற்றுள் ஒன்று. சிகிச்சையை விரைவுபடுத்த முயலக் கூடாது என்பது இன்னொன்று. பயிற்சியில் இவற்றை மனப்பாடமாக ஒப்பித்த நாமே, எட்டாவது வாரத்தில் நாற்காலி நுனிக்கு வந்துவிடுகிறோம். கவிழ்ந்த வண்டியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எவ்வளவு கடினம் என்பது அறைக்குள் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். "வேறோர் ஆம்புலன்ஸ்" தேவைப்பட்டது அவளுக்கா, உங்களுக்கா என்பதை மேற்பார்வையில் பேசிப் பாருங்கள். குற்றமாகச் சொல்லவில்லை, நானும் ஒரு காலத்தில் ஒரு சிறுவனின் இடிந்த கோட்டைக்கு நானாகவே கதவு வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்று, என் கண்ணில் பட்டது. அந்த அட்டைப் பெட்டியை "மருத்துவமனை" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெயரை வைத்தது அவளா, நீங்களா? குழந்தை பெயரிடாத பொருளுக்கு நாம் பெயரிடுவதில்லை என்பது வெறும் சம்பிரதாயம் அன்று. பெயர் வைத்த கணத்திலிருந்து நாம் அவளுடைய விளையாட்டை விட்டுவிட்டு நம்முடைய கதையைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். "அது", "அங்கே", "இவர்" என்ற சொற்களே போதும். "அது மறுபடியும் கவிழ்ந்துவிட்டது. நீ அதை முழுவதுமாக மூடிவிட்டாய்" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் தேவையில்லை.

ஒன்பது அமர்வுகளின் குறிப்புகளையும் ஒரே மூச்சில் படியுங்கள். வண்டி எந்த இடத்தில் கவிழ்கிறது, மணல் கூடுகிறதா குறைகிறதா, சைரன் எப்போது நிற்கிறது, பொம்மை உள்ளேயே இருக்கிறதா வெளியே விழுகிறதா என்று பாருங்கள். வாரத்துக்கு வாரம் பார்க்கும்போது ஒரே விளையாட்டாகத் தோன்றுவது, அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை.

பதில் 2 | இரண்டாம் கதவு

மேலே சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் அதிர்ச்சிக்குப் பிந்தைய விளையாட்டில் காத்திருப்பது மட்டுமே எப்போதும் போதும் என்பதை ஏற்க மாட்டேன்.

1976-இல் கலிபோர்னியாவின் சௌசில்லா என்ற ஊரில், பள்ளிப் பேருந்தில் இருந்த 26 குழந்தைகளும் ஓட்டுநரும் கடத்தப்பட்டு, ஒரு கல்குவாரியில் புதைக்கப்பட்ட வாகனப் பெட்டிக்குள் அடைக்கப்பட்டார்கள். ஏறத்தாழ 16 மணி நேரத்துக்குப் பிறகு அவர்களே வழி உண்டாக்கிக்கொண்டு தப்பினார்கள். அந்தக் குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து சந்தித்த மனநல மருத்துவர் லெனோர் டெர், அவர்களிடம் கண்ட ஒரு வகை விளையாட்டை விவரித்தார். மகிழ்ச்சியே இல்லாமல், இறுகிய முகத்தோடு, ஒரே வரிசையில் நடந்ததையே திரும்பத் திரும்ப நடத்துவது. முடிந்த பிறகும் அச்சம் தணியாமல் இருப்பது. பின்னர் விளையாட்டுச் சிகிச்சையாளர் எலியானா கில் இதை மேலும் நுணுக்கமாகப் பிரித்து, திரும்பத் திரும்ப வந்தாலும் நகர்ந்துகொண்டே இருக்கும் விளையாட்டு வேறு, உறைந்து நின்றுவிட்ட விளையாட்டு வேறு என்று காட்டினார்.

ஆகவே எத்தனை முறை கவிழ்ந்தது என்ற கணக்கைவிட, அந்த நேரத்தில் அவளுடைய உடல் என்ன செய்கிறது என்பதைத்தான் நான் பார்ப்பேன். மூச்சைப் பிடித்துக்கொள்கிறாளா? தோள்கள் இறுகுகின்றனவா? முடித்த பின் களைத்துச் சோர்கிறாளா, அல்லது வேறொன்றுக்குத் தானாகவே திரும்புகிறாளா? நீங்கள் இடையில் நுழைந்தபோது அவள் ஒரு தூரிகையைத் தேர்ந்தெடுத்துத் தன்னைத் தானே அமைதிப்படுத்திக்கொண்டதை நான் நல்ல அறிகுறியாகவே எண்ணுகிறேன். உறைந்துபோன குழந்தைக்கு அந்த வழி கிடைப்பதில்லை. அறைக்கு வெளியே தூக்கத்திலும் பள்ளியிலும் ஏதாவது அசைகிறதா என்பதையும் சேர்த்தே எடைபோடுங்கள்.

உறைந்திருப்பதாகவே முடிவுக்கு வந்தாலும், கதையின் முடிவை மாற்றப் போகாதீர்கள். "இப்போது வண்டிக்குள் இருப்பவருக்கு என்ன கேட்கிறது?" என்று ஓர் ஓரத்திலிருந்து கேட்கலாம், நடப்பதைச் செய்தி வாசிப்பவர்போல அவளையே சொல்லச் சொல்லலாம், எழுந்து நின்று ஓட்டும்படி அழைக்கலாம். எதையும் அவள் மறுத்தால் அதோடு விட்டுவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள்: அபாயம் உண்மையிலேயே முடிந்துவிட்டதா? தந்தைக்கு இன்னோர் அறுவை சிகிச்சை இருக்கிறதென்று பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசினால், குழந்தைக்கு அது தெரியாமல் இருப்பதில்லை.

பதில் 3 | ஊஞ்சல்

தாயைப் பற்றி யாரும் பேசாததால் நான் எழுதுகிறேன். என் வேலையில் பாதி நேரம் பெற்றோருடன்தான் கழிகிறது.

முதலாவது, கதவருகே நின்று பதில் சொல்லும் வழக்கத்தை நிறுத்துங்கள். அந்த உரையாடல் நடக்கும்போது குழந்தை இரண்டடி தூரத்தில் காலணியை மாட்டிக்கொண்டிருக்கிறாள். நாலு அமர்வுகளுக்கு ஒரு முறை தாய்க்கென்று தனி நேரம் ஒதுக்கி, அங்கே பேசுங்கள். எந்தப் பொம்மையை எங்கே வைத்தாள் என்ற விவரம் குழந்தைக்குச் சொந்தம். விளையாட்டில் தெரியும் பொதுவான இழையைத் தாயிடம் சொல்லலாம். "அன்று நடந்த ஏதோ ஒன்றைத் தன் கைக்குள் கொண்டுவர முயல்கிறாள், அதற்கு அவளுக்கு நிறைய முறை தேவைப்படுகிறது" என்று சொன்னால் இரகசியமும் உடையாது, தாயும் வெறுங்கையோடு திரும்ப மாட்டார். அவளுக்கோ பிறருக்கோ ஆபத்து என்றால் மட்டும் இந்த வரம்பு பொருந்தாது. முதல் சந்திப்பிலேயே சொல்லியிருக்க வேண்டியது இது. சொல்லவில்லையென்றால் இப்போது சொல்லுங்கள்.

"சொல்லித்தர மாட்டீர்களா" என்ற கேள்வியை நான் குறையாகக் கேட்கவில்லை. தனக்கும் ஏதாவது வேலை கொடுங்கள் என்று அவர் கேட்பதாகவே கேட்கிறேன். 1960-களில் உளவியலாளர்கள் பெர்னார்ட் கெர்னியும் லூயிஸ் கெர்னியும் பெற்றோரையே விளையாட்டு அமர்வு நடத்தப் பழக்கினார்கள். அதைப் பின்னாளில் விளையாட்டுச் சிகிச்சை வல்லுநர்கள் கேரி லாண்ட்ரெத்தும் சூ பிராட்டனும் 10 அமர்வுப் பயிற்சியாகச் சுருக்கித் தந்தார்கள். வாரத்தில் ஒரு நாள், 30 நிமிடம், தனியாக எடுத்து வைத்த பொம்மைகள், கைப்பேசி இல்லாத தாய். பிராட்டனும் உடன் பணியாற்றியோரும் 2005-இல் 93 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பெற்றோரைப் பயிற்றி நடத்திய முறைகளில் பலன் கூடுதலாக இருந்தது. ஆயினும் இந்தத் தாயே இன்னும் விபத்திலிருந்து மீளவில்லை என்று தோன்றினால் அவசரப்பட வேண்டாம்; முதலில் அவர் பேசட்டும்.

பதில் 4 | வெளிப் பலகை

நான் சிகிச்சையாளன் அல்லேன். என் மகன் ஓராண்டுக்கும் மேலாக இப்படி ஓர் அறைக்குப் போய் வந்தான். நான் வெளியே பலகையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே சிரிப்பு கேட்டால் பொறாமையாக இருக்கும், ஒன்றும் கேட்காவிட்டால் பயமாக இருக்கும். வெளியே வந்ததும் "என்ன செய்தாய்?" என்பேன், "விளையாடினேன்" என்பான். ஒரு நாள் சிகிச்சையாளர், அந்தக் கேள்விக்குப் பதிலாக "உன்னைப் பார்த்ததில் மகிழ்ச்சி" என்று மட்டும் சொல்லிப் பார்க்கச் சொன்னார். சொன்னேன். மூன்று வாரம் கழித்து வண்டியில் வரும்போது அவனாகவே பேசத் தொடங்கினான். அந்தத் தாயிடமும் இப்படி ஒரு சின்ன வேலையைக் கொடுங்கள்.

மறுமொழி | மரக்கட்டை

அனைவருக்கும் நன்றி. பத்தாவது அமர்வு முடிந்துவிட்டதால் திரும்ப வந்து எழுதுகிறேன். தாயிடம் தனியாகப் பேச நாள் குறித்திருக்கிறேன். அறுவை சிகிச்சை எதுவும் இல்லை என்பதையும் உறுதி செய்துகொண்டேன்.

குறிப்புகளை வரிசையாகப் படித்ததில், முதல் மூன்று அமர்வுகளில் வண்டி பாலத்தின் தொடக்கத்திலேயே கவிழ்ந்திருக்கிறது, பின்னர்தான் நடுவுக்கு வந்திருக்கிறது. நான் எழுதி வைத்ததை நானே கவனிக்கவில்லை. பெட்டிக்குப் பெயர் வைத்ததும் நான்தான். ஒரு குறிப்பில்கூட அவள் வாயிலிருந்து "மருத்துவமனை" என்ற சொல் இல்லை.

அமர்வின் தொடக்கத்தில், நான் அன்று அவசரப்பட்டுவிட்டதைச் சொன்னேன். அவள் பதில் சொல்லவில்லை, பக்கவாட்டில் அமர்ந்தாள். நான்காவது முறை வண்டி கவிழ்ந்தபோது, "அது அங்கே போகவில்லை" என்று மட்டும் சொல்லிப் பெட்டியைப் பார்த்தேன். சைரன் நின்றது. பெட்டியின்மேல் கையை வைத்து மூடிக்கொண்டு, மிகவும் மெல்லிய குரலில், "போகக் கூடாது. இது வீடு. எல்லாரும் தூங்குகிறார்கள்" என்றாள்.

அதற்குப் பிறகு வண்டியை இரண்டு முறைதான் ஓட்டினாள். இரண்டு முறையும் சைரன் இல்லை.