கங்கைகொண்டான் புள்ளிமான் சரணாலயம்: எப்படிப் போறது, எப்போ போறது?

பாளை வாசி
பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை திருநெல்வேலி பக்கத்துல இருக்கிற கங்கைகொண்டான் மான் காட்டுக்குப் போகலாம்னு இருக்கோம். சின்னவனுக்கு ஆறு வயசு. நேரே போனா உள்ளே விடுவாங்களா? எத்தனை மணிக்குப் போனா மான் தட்டுப்படும்?

உடைமரம்
அண்ணாச்சி, சபாரி வண்டி, டிக்கெட்டுன்னு நினைச்சுப் போயிராதிய. 2013-ல் அறிவிச்ச சரணாலயம், மொத்தமே 288 ஹெக்டேர் முள்காடு. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி உள்ளே கால் வைக்க முன் அனுமதி வேணும். திருநெல்வேலியில உள்ள வனத்துறை அலுவலகத்துல மனுக் கொடுங்க. எத்தனை பேர், என்னைக்கு, எந்த நேரம், எதுக்கு, வண்டி நம்பர் எல்லாம் எழுதி, அடையாள அட்டை நகல் வச்சிருங்க. போறது ஞாயித்துக்கிழமைன்னா மனு முந்தின வார வேலை நாள்லயே போயிருக்கணும்.

நேரம்னா விடிஞ்சதுல இருந்து எட்டரை வரைக்கும், இல்லைன்னா சாயங்காலம் நாலரைக்கு மேல. நடுப்பகல்ல மான் நிழல்ல படுத்து அசை போடும். பத்தடி தள்ளிப் படுத்திருந்தாலும் புள்ளியும் வெயில் திட்டும் கலந்து கண்ணுக்குத் தெரியாது. மாசி முதல் சித்திரை வரை தண்ணி இருக்கிற இடத்தைச் சுத்தியே நிக்கும், பார்க்க லேசு. ஐப்பசி, கார்த்திகை மழைக்கப்புறம் எங்கே பார்த்தாலும் புல்லு, மந்தை சிதறிரும்.

நிறையப் பேர் தவற விடுறது காத்தை. மான் மோப்பத்துலயே ஓடிரும். ஆனி, ஆடியில மேக்கே இருந்து மேகாத்து அடிக்கும்போது காலையில கிழக்கே இருந்து மேக்கே பார்த்து நில்லுங்க. காத்து உங்க முகத்துல அடிக்கும், வெயிலும் முதுகுக்குப் பின்னால இருக்கும். ஆனா காத்து ரொம்பப் பலமா இருந்தா அதுக்குக் காது சரியாக் கேக்காது, சும்மாவே மிரளும்.

சிற்றாற்றங்கரை
மேல சொன்னதோட இன்னும் கொஞ்சம். மான் தலையைத் தூக்கி, முன்னங்காலால தரையைத் தட்டுனா அதுக்கு மேல ஒரு எட்டு வைக்கப்படாது. விரட்டுனா கம்பி வேலியிலயோ நாலு வழிச் சாலையிலயோ போய் மோதும். அடியே படாட்டியும் பயத்துல ஓடி ஓடித் தசை கெட்டுச் செத்துப்போறதும் உண்டு. நாயைக் கூட்டிட்டுப் போகவே கூடாதுங்கிறது இதனாலதான்.

பிஸ்கட், சோறு போடாதிய. அசை போடுற வயித்துல மாவுப்பண்டம் புளிச்சு விஷமாயிரும். ருசி கண்ட மான் ரோட்டுக்கும் வரும். விழுந்து கிடக்கிற கொம்பையும் எடுக்கக்கூடாது, அது அரசுச் சொத்து. கிடந்தா மானும் முள்ளம்பன்றியும் சுண்ணாம்புச் சத்துக்குக் கடிச்சுத் தின்னும்.

பாளை வாசி
செருப்பு போதுமா? பாம்பு இருக்குமா?

உடைமரம்
செருப்பு ஆகாது. சீமைக்கருவேல முள்ளு ரப்பரைத் துளைச்சுக்கிட்டு வரும், பைக் டயரும் பஞ்சராகும். கெட்டியான அடியுள்ள ஷூ, முழுக்கால் சட்டை, பழுப்பு இல்லைன்னா மங்கின பச்சை. இந்த மாதிரிக் காட்டுல சுருட்டை விரியன் இருக்கும். கல்லுக்கடியில, சருகுக்குள்ள கை விடாம, பாதையை விட்டு இறங்காம இருந்தாப் போதும். கடிச்சிட்டா கட்டுப் போடாம, கீறாம, நடக்க விடாம நேரே பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி.

சிற்றாற்றங்கரை
ஆறு வயசுப் பையன் அரைமணி நேரம் சத்தமில்லாம நிப்பானா? சந்தேகம்னா தை, மாசியில கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போங்க. அங்க பறவை ஊருக்குள்ள மரத்துலயே கூடு கட்டும், பிள்ளை பேசுனாலும் பறக்காது.