'மெகிட்சுனே': நடுவில் வரும் மெட்டும் நரி முகமூடியும்

கேள்வி: ஜப்பானிய மெட்டல் இசைக்குழு பேபிமெட்டலின் 'மெகிட்சுனே' ('பெண் நரி', 2013) பாட்டின் நேரலையில் நடுவே ஒலிக்கும் பழைய மெட்டு எது? நரி முகமூடி எதற்கு? ரசிகர்கள் காட்டும் முத்திரையை எப்படிப் பிடிப்பது?

பதில் 1: மெட்டு 'சகுரா சகுரா' என்ற ஜப்பானிய மரபுப் பாடல். ஐந்தே சுரங்கள். ச ரி1 ம1 ப த1 என்று வைத்துப் பாடிப் பாருங்கள், நம் 'கர்நாடக சுத்த சாவேரி' என்ற ராகத்தின் சுரங்கள் அப்படியே வரும். அந்த இனிமையை கரகரப்பான டிஸ்டார்ஷன் கிடார் வந்து உடைக்கும் இடம்தான் பாட்டின் உயிர். 'சோரே சோரே' என்பது ஜப்பானியத் திருவிழாக் கூவல், கூட்டமும் சேர்ந்து கத்த வேண்டும்.

பதில் 2: முத்திரைக்கு நடுவிரல், மோதிர விரல் நுனிகளைக் கட்டைவிரல் நுனியோடு சேர்த்து முன்னால் நீட்டுங்கள், அதுதான் நரியின் மூக்கு. ஆள்காட்டி விரலும் சுண்டுவிரலும் காதுகள். பலரும் விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிவிடுகிறார்கள், அப்போது அது மெட்டல் ரசிகர்கள் வழக்கமாகக் காட்டும் கொம்பு முத்திரை ஆகிவிடும்.

பதில் 3: நரி, ஜப்பானின் இனாரி தெய்வத்தின் தூதர். கியோட்டோவின் ஃபுஷிமி இனாரி கோயிலில் சாவியையோ நெற்கதிரையோ கவ்விய நரிச் சிலைகளைக் காணலாம். நாட்டுக்கதைகளில் அதே நரி பெண்ணுருவும் எடுக்கும். வெளியே சிரித்து உள்ளே அழும் பெண்ணைப் பற்றிய பாட்டு இது. அதனால் முகமூடியை வெறும் மேடை அலங்காரமாக நான் பார்க்கவில்லை.