‘வடக்கு வீதி வீடு’ குழுவில் ஒரு திங்கட்கிழமை

[காலை 7:02] மீனா: வெள்ளிக்கிழமை தீபாவின் கல்யாண முகூர்த்தம் 7.30 முதல் 9 வரை. திருச்சியிலிருந்து வேனில் எத்தனை பேர் வருகிறீர்கள் என்று இன்றே சொல்லிவிடுங்கள். காலைப் பலகாரத்துக்குச் சமையல்காரர் கணக்குக் கேட்கிறார்.

[7:05] மணி: வேன் பேசிவிட்டேன். 4.30க்குப் புறப்பாடு. முன்பணம் நான்தான் கொடுத்திருக்கிறேன், நினைவிருக்கட்டும்.

[7:06] குமார்: 4.30 என்றால் சரோஜா அக்கா வாசலுக்கு வர 6 மணி ஆகும்.

[7:40] செல்வி: எல்லோருக்கும் ஒரு செய்தி. அம்மாவின் சங்கிலியை நேற்று மாலை தஞ்சாவூரில் அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பைக்கில் இரண்டு பேர். அம்மா யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறித் திருச்சிக்கு வந்துவிட்டாள். இப்போது காப்பி குடிக்கும்போதுதான் சொல்கிறாள்.

[7:41] கீதா: ஐயோ! அத்தைக்கு அடி ஏதும் இல்லையே?

[7:41] விஜயா: எந்தச் சங்கிலி?

[7:42] செல்வி: பாட்டியின் முறுக்குச் சங்கிலி, அத்தை. தாலிக்கொடி தப்பித்தது.

[7:42] விஜயா: அதுவா.

[7:44] குமார்: அக்கா, பஸ் நிலையம் வரை நானே கொண்டுவந்து விடுகிறேன் என்று சொன்னேனா இல்லையா?

[7:47] சரோஜா: சொன்னாய். சட்டை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே போனாய். அரை மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

[7:48] மீனா: கிரிக்கெட் கடைசி ஓவர், அண்ணி. நான் வேறு என்ன சொல்ல.

[7:50] பிரபு: அம்மா, முதலில் புகார் கொடுங்கள். பெங்களூரிலிருந்து நானே இணையத்தில் கொடுக்கட்டுமா?

[7:51] சரோஜா: கல்யாண வீட்டில் போலீஸ் விவகாரம் வேண்டாம். போனது போகட்டும்.

[7:51] விஜயா: போகட்டும் என்று சொல்ல அது உன்னுடையது மட்டுமா, சரோஜா?

[9:20] செல்வி: ஸ்டேஷனில் இருக்கிறோம். இங்கே ரைட்டர் ஒருவரும் ஒரு பெண் காவலரும்தான் இருக்கிறார்கள். மற்றவர்கள் எல்லோரும் பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார்களாம். தஞ்சாவூரில் நடந்ததற்குத் தஞ்சாவூரில் போய்க் கொடுங்கள் என்கிறார்கள்.

[9:34] ராமலிங்கம்: செல்வி, அங்கேயே இரு. எழுந்துவிடாதே. 2024 ஜூலை 1 முதல் சட்டம் வேறு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 154ஆவது பிரிவாக இருந்தது, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 173ஆவது பிரிவு. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது இதுதான். அதைப் பதிவுசெய்து தஞ்சாவூருக்கு அனுப்பவேண்டியது அவர்கள் வேலை, பஸ் ஏறவேண்டியது உன் அம்மாவின் வேலை இல்லை. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். பிரபு, நீ இணையத்தில் கொடுத்தால் 3 நாளுக்குள் நீயே நேரில் வந்து கையெழுத்துப் போடவேண்டும். நீ எப்போது வருகிறாய்?

[9:35] பிரபு: வியாழக்கிழமை காலை பஸ், மாமா.

[9:35] குமார்: அந்த பஸ் ஓசூரிலேயே நான்கு மணி நேரம் நிற்கும்.

[9:36] ராமலிங்கம்: அப்படியானால் வேண்டாம். செல்வியே கொடுக்கட்டும்.

[9:37] குமார்: அண்ணே, அந்தச் சட்டத்தின் பெயரை இன்னொரு முறை சொல்லுங்கள். மூச்சு வாங்குகிறது.

[9:58] ராமலிங்கம்: சிரிக்காதே. இதே பெயருக்காக நாடாளுமன்ற நிலைக்குழுவிலேயே தி.மு.க. உறுப்பினர்கள் அரசியல் சட்டத்தின் 348ஆவது பிரிவைக் காட்டி மறுப்புக் குறிப்பு எழுதினார்கள். நான் இந்த மூன்று குற்றவியல் சட்ட மசோதாக்களை முதல் நாளிலிருந்து பின்தொடர்ந்தவன். 32 ஆண்டு நீதிமன்றத்தில் பழைய பிரிவு எண்களோடு வாழ்ந்தவனுக்கு அவற்றை ஒரே நாளில் மாற்றினால் தூக்கம் வருமா? 2023 ஆகஸ்ட் 11, மழைக்காலக் கூட்டத்தொடரின் கடைசி நாள், மூன்று மசோதாக்களும் வந்தன. உள்துறை நிலைக்குழுவுக்குப் போயின. டிசம்பர் 12 அன்று அவற்றைத் திரும்பப் பெற்றுத் திருத்தியவற்றைக் கொண்டுவந்தார்கள். மறுநாள் 13ஆம் தேதி என்ன நடந்தது? பார்வையாளர் மாடத்திலிருந்து இரண்டு பேர் மக்களவைக்குள் குதித்து மஞ்சள் புகையைக் கிளப்பினார்கள். காவல் சீர்திருத்தம் பேசவிருந்த சபைக்கே காவல் இல்லை! உள்துறை அமைச்சர் வந்து பதில் சொல்லவேண்டும் என்று கேட்ட எதிர்க்கட்சியினரை வரிசையாக இடைநீக்கம் செய்தார்கள். அந்தக் கூட்டத்தொடரில் மக்களவையில் 100, மாநிலங்களவையில் 46. டிசம்பர் 20 மக்களவை, 21 மாநிலங்களவை, 25 குடியரசுத் தலைவர் ஒப்புதல். முடிந்தது. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தை மாற்றும் விவாதத்தில் எதிர்வரிசையில் பாதி நாற்காலி காலி. நான் டிவி முன் உட்கார்ந்து பார்த்தேன்.

[9:59] விஜயா: அன்று கேஸ் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

[10:01] குமார்: அப்போதைய சேலம் எம்.பி. பார்த்திபனை விட்டுவிட்டீர்களே, அண்ணே. அன்று சபைக்கே போகாதவரை இடைநீக்கப் பட்டியலில் சேர்த்து, பிறகு நீக்கினார்களே.

[10:01] ராமலிங்கம்: ஆமாம், டிசம்பர் 14.

[10:02] குமார்: தீபாவின் நிச்சயதார்த்தத்தில் பாயசம் குறைந்ததற்கு, ஊரிலேயே இல்லாத என்னைத் திட்டியது போல.

[10:03] மீனா: நீங்கள் ஊரில்தான் இருந்தீர்கள்.

[10:10] செல்வி: மாமா, 173 என்று சொன்னேன். ரைட்டர் சிரித்தார். “எங்களுக்கும் தெரியும் அம்மா, இன்ஸ்பெக்டர் வரட்டும்” என்றார். காலையிலிருந்து அவர் டீ கூடக் குடிக்கவில்லை. பாவமாக இருக்கிறது.

[10:12] ராமலிங்கம்: பாவம்தான். ஆனால் எழுந்துவிடாதே. சரோஜாவுக்குக் கழுத்தில் காயம் உண்டா?

[10:13] சரோஜா: ஒன்றும் இல்லை, அண்ணா.

[10:13] செல்வி: இருக்கிறது, மாமா. இடது பக்கம் காதுக்குக் கீழே தொடங்கித் தோள் வரை ஒரு விரல் நீளத்துக்குக் கீறல். மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டிருக்கிறாள். சங்கிலியின் கொக்கியும் நான்கு கண்ணியும் ரவிக்கைக்குள் விழுந்து கிடந்தன. கைக்குட்டையில் முடிந்து வைத்திருக்கிறோம்.

[10:27] ராமலிங்கம்: மஞ்சளைக் கழுவுவதற்கு முன் படம் எடு! இதுதான் முக்கியம், எல்லோரும் படியுங்கள். வெறும் பறிப்பு என்றால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 304. புதிதாகச் சேர்த்த குற்றம், 3 ஆண்டு வரை தண்டனை. 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றமென்றால், டி.எஸ்.பி. அனுமதியோடு முதலில் பூர்வாங்க விசாரணை, அதற்கு 14 நாள் என்று புதுச் சட்டம் இடம் கொடுக்கிறது. கல்யாணம், மறுவீடு எல்லாம் முடிந்துவிடும். ஆனால் திருடும்போது காயம் ஏற்படுத்தினால் அது வழிப்பறி, 309ஆவது பிரிவு, 10 ஆண்டு வரை. அங்கே 14 நாள் பேச்சே இல்லை. தடயவியல் நிபுணர் வந்து பார்க்கவேண்டிய வகையும் அதுதான், 7 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களுக்கு. அதைச் செயல்படுத்த மாநிலங்களுக்கு 5 ஆண்டு அவகாசம் கொடுத்திருக்கிறார்கள் என்பது வேறு கதை. எனவே அரசு மருத்துவமனைக்குப் போய்க் கீறலை விபத்துப் பதிவேட்டில் ஏற்றவேண்டும்.

[10:29] சரோஜா: ஒரு கீறலுக்காக அந்த வரிசையில் நான் நிற்கமாட்டேன்.

[10:30] பிரபு: அம்மா.

[10:30] சரோஜா: நிற்கமாட்டேன் என்றால் நிற்கமாட்டேன்.

[10:33] குமார்: அண்ணே, 420 இப்போது என்ன எண்?

[10:34] ராமலிங்கம்: 318. 302 இப்போது 103. 144 தடை உத்தரவு 163.

[10:35] குமார்: அப்படியானால் 2011 சீட்டுக்குப் பிறகு நம் குடும்பத்தில் ஒருவருக்கு வைத்த பட்டப்பெயரையும் 318 என்று திருத்தவேண்டும்.

[10:35] கீதா: சித்தப்பா, வேண்டாம்.

[10:36] மணி: யாரைச் சொல்கிறாய், குமார்?

[10:36] குமார்: பொதுவாகச் சொன்னேன்.

[10:37] மணி குழுவிலிருந்து வெளியேறினார்.

[10:38] மீனா: வேன் அவர் பெயரில்தான் பேசியிருக்கிறது!!

[10:40] விஜயா: என் தம்பி முன்பணம் கொடுத்து வண்டி பேச வேண்டும், அவனை நீங்கள் எண் போட்டுக் கூப்பிட வேண்டும். நன்றாக இருக்கிறது.

[10:41] குமார்: அண்ணி, விளையாட்டுக்குச் சொன்னேன்.

[11:15] செல்வி: இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். மரியாதையாகத்தான் பேசினார். சங்கிலி எத்தனை பவுன், ரசீது எங்கே என்று கேட்கிறார். அம்மா 5 பவுன் என்று சொல்லிவிட்டாள்.

[11:16] விஜயா: நாலரை.

[11:16] சரோஜா: 5, அண்ணி. அம்மா என் கழுத்தில் போடும்போதே 5 என்றாள்.

[11:19] விஜயா: உன் அம்மா கொடுத்தது 4 பவுன். 2009இல் உருக்கிப் புதிதாகச் செய்தபோது என் உடைந்த ஜிமிக்கி அரை பவுன் அதில் சேர்ந்தது. செய்கூலி யார் கொடுத்தது என்று உன் அண்ணனைக் கேள். ரசீது யார் பெயரில் இருக்கிறது என்றும் கேள்.

[11:20] பிரபு: யார் பெயரில்?

[11:31] ராமலிங்கம்: அது பிறகு.

[11:32] குமார்: 32 ஆண்டு நீதிமன்றத்தில் இருந்தவர் முதல் முறையாகச் சுருக்கமாகப் பேசுகிறார்.

[பிற்பகல் 1:05] கீதா: எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். பந்தோபஸ்தில் இருக்கிறார். நேரம் கிடைத்தால் எழுதுகிறேன் என்றார். யாரும் போன் செய்யாதீர்கள். போன முறை நிலத் தகராறுக்கு நீங்கள் எல்லோரும் கூப்பிட்டு அவருக்கு மேலதிகாரியிடம் பேச்சு விழுந்தது.

[1:48] சேகர்: வணக்கம். மாமா சொன்ன பிரிவுகள் சரி. ஆனால் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டாலும் புலன்விசாரணை தஞ்சாவூருக்குத்தான் போகும். அதற்குள் கேமரா பதிவு அழிந்துவிடக்கூடாது. சின்ன மாமா இன்றே தெருமுனைக் கடைகளில் கேட்டு, பதிவை அழிக்கவேண்டாம் என்று சொல்லி வைக்கட்டும். நேரத்தைச் சரியாகச் சொல்லவேண்டும். பவுனை மிகைப்படுத்தவேண்டாம். பின்னால் குறுக்கு விசாரணையில் அதைத்தான் பிடிப்பார்கள்.

[1:50] குமார்: மாப்பிள்ளை, முனையில் இருக்கும் பாத்திரக் கடை திங்கட்கிழமை விடுமுறை.

[1:50] சேகர்: உரிமையாளர் வீட்டுக்குப் போங்கள்.

[1:51] குமார்: அவருக்கு நாம் இன்னும் பத்திரிகை வைக்கவில்லை.

[1:52] மீனா: அப்படியானால் பத்திரிகையோடு போங்கள்.

[2:20] ராமலிங்கம்: மாப்பிள்ளை, ஒரு சந்தேகம். சோதனை, கைப்பற்றுதல் எல்லாவற்றையும் வீடியோ எடுக்கவேண்டும் என்று 105ஆவது பிரிவு சொல்கிறது. 90 நாளுக்குள் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று புகார்தாரருக்குச் சொல்லவேண்டும் என்கிறது 193. இவ்வளவுக்கும் ஆள் எங்கே? காவல்துறை மாநிலப் பட்டியல், குற்றவியல் சட்டம் பொதுப் பட்டியல். கெடு வைக்கிறவர் டெல்லியில், சம்பளம் கொடுக்கிறவர் சென்னையில். தடயவியல் கூடங்களுக்கு மத்திய அமைச்சரவை 2024 ஜூனில் 2,254.43 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது, சரி. செல்வி உட்கார்ந்திருக்கிற ஸ்டேஷனுக்கு இன்னொரு ரைட்டர் அதில் வருவாரா? விவாதத்தில் நான் கேட்டவரை தண்டனை எத்தனை ஆண்டு என்பதற்குக் கைதட்டல் விழுந்தது. நாற்காலியில் உட்கார்ந்து எழுதுவதற்கு ஆள் எத்தனை என்பதற்கு விழவில்லை.

[2:41] சேகர்: மாமா, என் ஸ்டேஷனில் இன்று 6 பேர் வெளிப் பணியில். வீடியோ என் சொந்த போனில் எடுக்கிறேன். இடம் போதாமல் நம் குழுவின் காலை வணக்கப் படங்களைத்தான் தினமும் அழிக்கிறேன்.

[2:42] கீதா: இதை என்னிடம் நீங்கள் சொல்லவே இல்லை.

[2:44] ராமலிங்கம்: இனி அனுப்பவில்லை, மாப்பிள்ளை.

[மாலை 4:10] செல்வி: சி.எஸ்.ஆர். என்று, புகாரை வாங்கிக்கொண்டதற்கு ஒரு ரசீது கொடுத்திருக்கிறார்கள். எஃப்.ஐ.ஆர். நாளை என்கிறார்கள். ரசீதைக் கொண்டுபோய்த் தஞ்சாவூரிலும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள் என்றும் சொன்னார்கள். இரண்டில் எது என்று எனக்குப் புரியவில்லை.

[4:12] ராமலிங்கம்: சி.எஸ்.ஆர். என்பது எஃப்.ஐ.ஆர். இல்லை! மறுத்தால் பதிவுத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்பலாம், மாநகரம் என்றால் ஆணையருக்கு. அதற்கும் பலன் இல்லை என்றால் மாஜிஸ்திரேட்.

[4:13] சரோஜா: மாஜிஸ்திரேட் எல்லாம் வேண்டாம், அண்ணா. தீபாவின் கல்யாணம் முடியட்டும்.

[4:14] பிரபு: சேகர் அண்ணன் சொன்னதுபோலத் தஞ்சாவூரிலேயே கொடுத்துவிடலாமே.

[4:15] ராமலிங்கம்: அவர் அப்படிச் சொல்லவில்லை.

[4:15] குமார்: அவர் பாதி சொன்னார்.

[இரவு 8:30] குமார்: பாத்திரக் கடைக்காரர் வீட்டுக்குப் போனேன். பத்திரிகை வைத்தேன். காப்பி கொடுத்தார். கேமரா வெளியே பார்க்காதாம், கல்லாப்பெட்டியைத்தான் பார்க்குமாம். எதிர் மருந்துக் கடையில் கேளுங்கள் என்றார். நாளை.

[8:33] மீனா: மணி அண்ணனுக்கு யார் போன் செய்வது?

[8:33] மீனா: வேனில் எத்தனை பேர் என்றும் யாரும் சொல்லவில்லை.

[8:50] கீதா: சித்தப்பாதான் செய்யவேண்டும்.

[8:51] குமார்: நாளை.

[9:26] விஜயா: (படம்) பீரோவின் அடித்தட்டில் இருந்தது. 36.200 கிராம். பெயரைப் படித்துக்கொள்ளுங்கள்.

[9:31] சரோஜா: படித்தேன், அண்ணி.

[9:33] விஜயா: காலையில் ஏதோ பேசிவிட்டேன். அந்தக் கீறலுக்கு மஞ்சள் மட்டும் போதாது. நாளை 7 மணிக்கு நான் வருகிறேன், ஆஸ்பத்திரி வரிசையில் நான் நிற்கிறேன், நீ உட்கார்ந்துகொள். அப்படியே ஸ்டேஷனுக்கும் போவோம். என் பெயரில் உள்ள பொருள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

[9:35] சரோஜா: மஞ்சளைச் சாயங்காலமே கழுவிவிட்டேன். எரிந்தது.

[9:36] ராமலிங்கம்: படம் எடுத்தீர்களா?

[9:36] செல்வி: எடுத்தேன், மாமா.

[9:38] ராமலிங்கம்: நல்லது. எந்த ஸ்டேஷன்?